ஊசி குத்தினால் நாளைக்கே ஆடலாமா?

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் (முன்னாள் கபடி அணி ரெய்டர்)



மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது 'விளையாட்டும் மாணவர் வாழ்வும்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. ஒழுக்கம், தோழமை, கோப்பை என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படித்தான் ஆரம்பித்தேன். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது ஹாஸ்டல் அறைக்கு முதலாமாண்டுத் தம்பி ஒருவன் நொண்டிக்கொண்டே வந்தான். வாலிபால் ஆடுகிறவன். கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. "அண்ணா, நீங்க போனீங்களே, அந்த ஊசி குத்துற இடத்து அட்ரஸ் குடுங்கண்ணா. சனிக்கிழமை மேட்ச் இருக்கு" என்றான்.

எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் இப்போது ஏன் ஆடுவதில்லை என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். "படிப்பு மச்சான்" என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். (என் அரியர் கணக்கு தெரிந்தவர்கள் அப்போதே சிரித்திருப்பார்கள்.) உண்மைக் காரணம் இதுதான்.

இரண்டாம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். மாலைப் பயிற்சி. மழை பெய்து அரைகுறையாகக் காய்ந்த மண் தரை. பாடிக்கொண்டு போய் போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். கார்னரில் நின்றவனுக்கே கேட்டதாம். பி.டி. சார் ஓடி வந்து ஸ்ப்ரே அடித்தார், க்ரேப் பேண்டேஜ் சுற்றினார். நமது முதலுதவிப் பெட்டியில் அதற்கு மேல் எதுவும் கிடையாது. ராத்திரி மெஸ் மணி அடிப்பதற்குள் முழங்கால் சில்லு இருக்கிற இடம் தெரியாமல் வீங்கிவிட்டது.

ஊருக்குப் போனேன். அம்மா புளியும் உப்பும் மஞ்சளும் காய்ச்சிப் பற்றுப் போட்டார். மாமா புத்தூர் கட்டு கட்டலாம் என்றார். பத்து நாளில் வீக்கம் வடிந்தது, நடக்கவும் முடிந்தது. ஆனால் படி இறங்கும்போது மட்டும் முட்டி ஒரு கணம் கழன்று மாட்டுகிற மாதிரி விட்டுவிட்டுப் போகும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டீமில் எடுக்க மாட்டார்களே!

மண்டலப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அப்போதுதான் ஒரு சீனியர் அண்ணன், "ஊசி வைத்தியம் பண்ணிப் பார்றா, எனக்குத் தோள்பட்டை வலி நாலே நாள்ல போச்சு" என்று பக்கத்து ஊருக்குக் கூட்டிப் போனார். பஸ் ஸ்டாண்டு எதிரில், செருப்புக் கடை மாடியில் ஓர் அறை. சுவரில் மனித உடம்புப் படம், அதில் தலையிலிருந்து கால் வரை கோடுகள், கோடெங்கும் புள்ளிகள். அவர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு ஐந்து ஊசி. இன்ஜெக்‌ஷன் ஊசியை நினைத்துப் பயந்தேன். ஆனால் இது முடி மாதிரி. நமது மெட்ராலஜி லேப் மைக்ரோமீட்டரில் வைத்தால் கால் மில்லிமீட்டர் காட்டும், அவ்வளவுதான்.

ஓர் ஊசி முழங்கால் சில்லுக்கு நாலு விரற்கடை கீழே, வெளிப்பக்கம். அந்தப் புள்ளிக்குச் சீனாவில் 'ட்சூ சான் லி' என்று பெயர். கால், மூன்று, லி. லி என்பது அவர்களுடைய தூர அளவு. அங்கே குத்தினால் களைத்துப் போனவன்கூட இன்னும் மூன்று லி நடப்பானாம். வலிக்கவில்லை. காலுக்குள் ஒரு கனம், ஒரு மரமரப்பு, லேசாகக் கரண்ட் ஓடுகிற மாதிரி. இருபது நிமிடம் கழித்து மாடிப்படி இறங்கும்போது வலி பாதிதான் இருந்தது. பொய் சொல்லவில்லை நண்பர்களே, பாதிதான் இருந்தது.

மூன்றாவது முறை போனபோது கேட்டேன்: "சார், மேட்ச் ஆடலாமா?"

"இப்ப வலி இல்லல்ல?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன தம்பி, தாராளமா ஆடலாம்."

முட்டியை அவர் ஒரு தடவைகூட மடக்கி, இழுத்துப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. போட்டியன்று காலையில் நாலாவது தடவையும் குத்திக்கொண்டு போனேன். முதல் பாதியில் இரண்டு பாயிண்ட் எடுத்தேன். இரண்டாம் பாதியில், அதே திருப்பம். விழுந்தபோது வலிக்கவே இல்லை. எழுந்திருக்கப் பார்த்தால் முட்டி நிமிரவில்லை. பாதி மடங்கிய நிலையில் அப்படியே பூட்டிக்கொண்டது.

ஸ்கேன் எடுத்ததில், முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன்புற ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது. எலும்புகளுக்கு நடுவே வாஷர் மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்து மடங்கியிருந்தது. எலும்பு மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, "டப்புனு சத்தம் எப்ப கேட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார். ஆகஸ்டு என்றேன். "ஜவ்வு அன்னைக்கே போயிருக்கும். அதோட ஆடினதுல வாஷரும் போச்சு" என்றார்.

தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாக வைத்தார்கள். அப்பா சீட்டைத் தள்ளி எடுத்தார். அக்கா கல்யாணத்துக்கென்று கட்டி வந்த சீட்டு. அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சரி, இவன் இனி 'அக்குபங்சர் எல்லாம் ஏமாற்று' என்று எழுதப் போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. படுத்துக் கிடந்த மாதங்களில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, ஊசியின் மேல் கோபம் குறைந்தது.

இந்த வைத்தியம் நம் நாட்டுக்கு வந்த கதையே நன்றாக இருக்கும். 1938-ல் ஜப்பானோடு போரில் இருந்த சீனாவுக்கு இந்தியா ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அதில் டாக்டர் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்துபோனார். கூடப் போன டாக்டர் பாசு, 1950-களின் கடைசியில் மறுபடி சீனா போய் ஊசி வைத்தியம் கற்றுக்கொண்டு வந்து, கல்கத்தாவில் செய்ய ஆரம்பித்தார். முறையாக எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் வழியாகத்தான் அது இங்கே வேர் பிடித்தது. இன்று நான்கு வாரப் பயிற்சி என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

மேற்கு நாடுகளில் பரவியதற்கு ஒரு பத்திரிகையாளரின் குடல்வால் காரணம். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங்கில் இருந்தபோது குடல்வால் அழற்சி வந்து அறுவை நடந்தது. ஊசி குத்தியே மயக்கம் கொடுத்து அவரை அறுத்தார்கள் என்று இன்றும் பல மேடைகளில் பேசுகிறார்கள். தவறு. அறுவை நடந்தது சாதாரண மரப்பு மருந்து கொடுத்துத்தான். அதற்குப் பிறகு வந்த வயிற்று உப்புச வலிக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி வைத்தார்கள். வலி விட்டது என்று அவரே எழுதினார். அவர் எழுதியது அவ்வளவுதான்.

ஊசி எப்படி வலியைக் குறைக்கிறது? 1977-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஊசி வைத்தால் பல்லில் வலி உணர்வு குறைந்தது. உடனே நலாக்ஸோன் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். அது மார்ஃபின் வகைப் பொருட்களின் வேலையைத் தடுக்கிற மருந்து. குறைந்திருந்த வலி திரும்பி வந்துவிட்டது! அப்படியென்றால் ஊசி குத்தியதும் நம் உடம்பே தனக்குள் ஒரு வலிமறப்புச் சரக்கைச் சுரக்கிறது என்று ஆகிறது. எண்டார்ஃபின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தக் குடும்பம்தான்.

இன்னொரு கணக்கு. ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில், மேலாக்கில் சும்மா ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்து நல்ல பலன் கண்டவர்கள்: முறையான ஊசியில் 47.6 சதவீதம், சும்மா ஊசியில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். 2007-ல் வெளியான முடிவு இது. இந்த மூன்று எண்ணையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஊசிக்கு ஆதரவாகப் பேசுகிறவர் முதல் எண்ணையும் மூன்றாவது எண்ணையும் மட்டும் சொல்வார். எதிர்த்துப் பேசுகிறவர் முதல் இரண்டை மட்டும் சொல்வார். எனக்குப் புரிந்தது: குத்துவதில் ஏதோ இருக்கிறது, ஆனால் செருப்புக் கடை மாடிச் சுவரில் பார்த்த அந்தப் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் இதெல்லாம் நாள்பட்ட வலி. நமக்கு வருவது மைதானத்தில் பட்ட புதுக்காயம். கணுக்கால் பிசகலுக்கு ஊசி வைத்துப் பார்த்த 20 ஆய்வுகளை, சுமார் 2000 பேர் சம்பந்தப்பட்டவை, ஒன்றாக வைத்து 2014-ல் அலசினார்கள். ஆய்வுகள் பெரும்பாலும் தரமில்லாமல் செய்யப்பட்டவை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். 'நாலே நாளில் குணம்' என்று போர்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எங்கிருந்து உறுதி வந்தது?

என் வாதம் ஒன்றே ஒன்றுதான். வலி போவது வேறு, காயம் ஆறுவது வேறு. முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு மூட்டுநீரில் நனைந்தபடியே கிடக்கிறது. அறுந்த இடத்தில் ரத்தம் உறைந்து தங்க வழியில்லாததால் அது தானாக ஒட்டிக்கொள்வது அரிது. எத்தனை ஊசி குத்தினாலும் அறுந்த கயிற்றின் இரண்டு முனையையும் அது முடிச்சுப் போடாது. ஆனால் 'ஆடாதே' என்று சொல்லிக்கொண்டிருந்த வலியை மட்டும் அது அடக்கிவிடும். தெர்மல் பேப்பரில் பாய்லரைப் பற்றி எழுதுகிறோமே, ஃபியூசிபிள் பிளக்கைக் கழற்றிவிட்டு அங்கே போல்ட்டைப் போட்டு முடுக்கி நெருப்பை ஏற்றுகிறவனை என்ன சொல்வோம்? மண்டலப் போட்டி அன்று நான் செய்தது அதைத்தான். மாத்திரையை விழுங்கிவிட்டு ஆடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அறுவைக்குப் பிறகு பிசியோதெரபிக்குப் போனேன். முதல் நாளே மேடம் தையற்காரர் டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தார். அடிபட்ட பக்கம் 4 சென்டிமீட்டர் இளைத்திருந்தது. ஓரிரு மாதம் கழித்துத் தொடைத் தசை கட்டிக் கட்டியாக இறுகி, முட்டியை மடக்கவே விடவில்லை. மேடம் ஒரு டப்பாவைத் திறந்தார். பார்த்தால், அதே ஊசி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது டிரை நீடிலிங். ஊசி அதேதான், கணக்கு வேற. கோடெல்லாம் கிடையாது, இறுகிப் போன தசைக்குள்ள நேரா போவோம்" என்றார். (மருந்து ஏற்றிக் குத்தினாலும் வெறும் ஊசியைக் குத்தினாலும் தசைவலி விடுகிறது என்று கரேல் லெவிட் என்ற செக் நாட்டு மருத்துவர் 1979-ல் எழுதினார். அதிலிருந்து பிரபலமானதாம்.)

குத்தினார். தசை ஒரு தடவை துடித்தது. சிறிது நேரத்தில் இறுக்கம் விட்டது. அப்பாடா என்று ஹாஸ்டலுக்குக் கிளம்பப் பையை எடுத்தேன்.

"எங்க போற? இப்ப வலி இல்லல்ல?"

"இல்ல மேடம்."

"அதுக்குத்தான் குத்தினேன். ஏறு ஸ்டெப்ல."

நாற்பது தடவை ஏறி இறங்க வைத்தார். மாடிக்காரர் கேட்ட அதே கேள்விதான். அவர் அதை வைத்து என்னை மேட்ச்சுக்கு அனுப்பினார், இவர் அதை வைத்து உடற்பயிற்சிக்கு அனுப்பினார். ஊசி கொடுப்பது வலி குறைந்த கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் தசையைப் பலப்படுத்தினால் லாபம், ஆட்டத்துக்குப் போனால் நஷ்டம். இப்படிச் செலவழிக்கிறவன் அக்குபங்சர் போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் பெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமாகத் தழும்பு இருந்ததைப் பார்த்துவிட்டு, நம் ஜிம்முக்கு வருகிற ஒருவர் முதுகில் கப்பிங் போட்டுக்கொண்டு வந்தார். பெல்ப்ஸ் சிறுவயதிலிருந்து எத்தனை மணி நேரம் தண்ணீரில் கிடந்தார் என்பதையும் அவர் சேர்த்துக் காப்பியடித்திருக்கலாம். களைப்பு தீருவதற்கு ஊசி, கப் எல்லாவற்றுக்கும் முன்னால் எட்டு மணி நேரத் தூக்கமும் மெஸ்ஸில் இரண்டு முட்டையும் வேண்டும். நம் ஹாஸ்டலில் முதலாவது சீனியர்களால் கிடைப்பதில்லை, இரண்டாவது காண்டிராக்டரால்.

இப்போது யூனியனிடம் வருகிறேன். நாம் ஏன் செருப்புக் கடை மாடிக்குப் போகிறோம்? மாடிக்காரர் "நாளைக்கு" என்கிறார், பிசியோ "ஒன்பது மாசம்" என்கிறார். பத்தொன்பது வயதில் எவன் ஒன்பது மாதத்தைத் தேர்ந்தெடுப்பான்? அதோடு "நீ இல்லன்னா ரெய்டுக்கு ஆளே இல்ல மச்சான்" என்று கேப்டன் சொல்லிவிட்டால் முடிந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லைதான். அந்த ஒரு வரி போதுமே! சென்ற ஆண்டு விளையாட்டு நிதியில் இரண்டு செட் ஜெர்ஸி, மூன்று கேடயம், சிறப்பு விருந்தினருக்குச் சால்வை. தவறில்லை. ஆனால் போட்டிகள் நடக்கும் மாதங்களிலாவது வாரம் இரண்டு மாலை ஒரு பிசியோதெரபிஸ்ட் நம் மைதானத்துக்கு வர ஏற்பாடு செய்யக் கூடாதா? அது முடியாதென்றால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது, அடிபட்டவனை அங்கே அழைத்துப் போக ஒரு ஆளையும் ஆட்டோ செலவையும் யூனியன் ஏற்கட்டும். இரண்டாவது, மூட்டு வீங்கியவன் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் களத்தில் இறங்கக் கூடாது. இதைத் தீர்மானிக்கிற பொறுப்பு கேப்டனிடம் இருக்கக் கூடாது. அவனுக்குக் கோப்பை வேண்டும், அவன் நியாயம் அவனுக்கு. வருகிற பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன்.

அதுவரைக்கும் உங்கள் கைவசம் இருக்க வேண்டிய சில விஷயங்கள். கணுக்கால் பிசகினால், இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பையும் நுனியையும், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை அழுத்திப் பாருங்கள். பாதத்தின் நடுப்பகுதியில் உள்பக்க எலும்பையும், சுண்டுவிரல் ஓரத்தில் புடைத்திருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே வலித்தாலோ, அடிபட்ட உடனும் பிறகும் நாலு எட்டு எடுத்து வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே அவசியம். 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த விதி இது, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. முழங்காலில் 'டப்' சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம், பிறகு முட்டி விட்டுப் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் எலும்பு மருத்துவர், ஊசியெல்லாம் அப்புறம்.

ஊசிக்குத்தான் போவேன் என்றால், உறை பிரிக்காத புது ஊசியா என்று கண்ணால் பாருங்கள். மஞ்சள் காமாலைக் கிருமி ஊசி வழியாக வரும். நெஞ்சு, தோள், மேல்முதுகுப் பக்கம் ஆழமாகக் குத்த விடாதீர்கள், கீழே நுரையீரல் இருக்கிறது. தென் கொரியாவின் முன்னாள் ஜனாதிபதி ரோ டே வூவுக்கு இருமல் நிற்காமல் போய், 2011-ல் பரிசோதித்தபோது மூச்சுக்குழாய்க்குள் ஒரு அக்குபங்சர் ஊசி கிடந்தது. ஜனாதிபதிக்கே அந்தக் கதி!

வாலிபால் தம்பியிடம் அட்ரஸ் கொடுக்கவில்லை. எலும்பை அழுத்திப் பார்த்தேன், வலி எலும்பில் இல்லை, அதற்கு முன்னால் சதையில்தான். நாலு எட்டு வைத்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு. நான் டாக்டர் இல்லையே, அதனால் மறுநாள் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். அங்கே டாக்டரும் அதே மாதிரி அழுத்தி, நடக்க வைத்துப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே வேண்டாம் என்றார். கணுக்காலுக்குப் பட்டை கொடுத்து, பாதத்தை அசைக்கவும் ஒற்றைக்காலில் நிற்கவும் பயிற்சி சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை மேட்சில் பையன் ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதினான். தோற்றோம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்று வாரம் ஆகிறது. இப்போதெல்லாம் காலையில் குழாயடி வரிசையில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டே பல் விளக்குகிறான். பார்க்கும்போதெல்லாம் "அண்ணா, இப்ப ஆடலாமா?" என்கிறான்.

"கண்ணை மூடிட்டு முப்பது செகண்ட் நின்னு காட்டுடா" என்கிறேன். நேற்று இருபத்திரண்டு வரை வந்தான்.